பெற்றோல் பம்புக்கு எந்தப் பியூஸ், எந்த ரிலே, எந்த வயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் மின்சாரப் பெற்றோல் பம்பைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கராஜுகளிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் ஓயாமல் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. வேறு விதமாகச் சொல்லாத இடமெல்லாம் 12 வோல்ற் பற்றரி, பொடியில் (காரின் இரும்பு உடலில்) நெகற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் நெகற்றிவ் பொடியோடு பூட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பியூஸ் போடுறது பம்பைக் காப்பாற்றத்தானே?

இல்லை, வயரைக் காப்பாற்ற. பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து பழுதாவதைப் பியூசால் தடுக்க முடியாது. ஆனால் பின் சீற்றுக்குக் கீழே வயரின் தோல் உரசிப் போய்ச் செம்பு பொடியில் முட்டினால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை அந்த வயருக்குள் தள்ளிவிடும். சில விநாடிகளில் வயர் சிவந்து தோல் பற்றும். அந்த இடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் பெற்றோல் தாங்கி இருக்கிறது. அதற்கு முன் பியூஸ் போய்விட வேண்டும்.

ஆகவே முதலில் பம்ப் இழுக்கும் கறண்டை அறிய வேண்டும், பிறகு அதைத் தாங்கும் வயர், கடைசியில் அந்த வயருக்கு ஏற்ற பியூஸ். கையில் இருக்கிற பியூசை முதலில் செருகிவிட்டு மற்றதை யோசிப்பவர்களின் கார்களில்தான் வயர் உருகுகிறது.

2. என்ரை பம்ப் எத்தினை அம்பியர் இழுக்குது எண்டு எப்பிடி அறியிறது?

பொதுவாக, காபரேற்றர் காருக்குப் போடும் சிறிய கட்டைப் பம்ப் 1 முதல் 2 அம்பியர் வரை இழுக்கும். இன்ஜெக்ரர் உள்ள சிறிய ஜப்பான் கார்களில் தாங்கிக்குள் இருக்கும் பம்ப் 4 முதல் 7 அம்பியர். மணிக்கு 255 லீற்றர் தள்ளும் பெரிய பம்புகள் 10 அம்பியரையும் தாண்டும். இது மதிப்பீடுதான். அளந்து பார்ப்பதே சரி.

பம்ப் ரிலேயை, அதாவது சிறு கறண்டால் பம்பின் பெரிய கறண்டைத் திறந்து மூடும் மின்சுவிச்சை, கழற்றுங்கள். சொக்கெற்றில் 30, 87 என்ற இரண்டு துளைகளுக்கும் இடையே 15 அம்பியர் பியூஸ் கோத்த வயர்த்துண்டு ஒன்றைப் பூட்டி எஞ்சினை ஓட விடுங்கள். அந்த வயர்த்துண்டின் மேல் கிளாம்ப் மீற்றரைப் பிடித்தால் அளவு தெரியும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீற்றர்களில் பல வீட்டு மின்சாரத்தை மட்டுமே அளக்கும். நேர்க்கறண்ட் அளக்கக்கூடியதா என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண மல்ரிமீற்றரைத் தொடராகக் கோக்கலாம், ஆனால் அதன் எல்லை பெரும்பாலும் 10 அம்பியர். பெரிய பம்பென்றால் மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். அளப்பது எஞ்சின் ஓடும்போதுதான். அப்போதுதான் பம்புக்கு 13.5 வோல்றுக்கு மேல் கிடைக்கும், பெற்றோல் அழுத்தமும் முழுதாக இருக்கும்.

3. அப்ப பியூஸ் எத்தினை போடவேணும்?

தொடர்ந்து ஓடும் கறண்ட், பியூசின் அளவில் நான்கில் மூன்று பங்கைத் தாண்டக்கூடாது. 7 அம்பியர் இழுக்கும் பம்புக்குக் கணக்குப்படி 9.3 வரும், 10 அம்பியர் போதும்போல் தெரியும். ஆனால் பம்ப் தொடங்கும் கணத்தில் கறண்ட் எகிறும், பழைய பம்ப் கூடுதலாக இழுக்கும், பியூஸ் பெட்டியோ எஞ்சின் சூட்டில் இருக்கிறது. அதனால் 15 அம்பியர் போடுவதே நல்லது, வயர் அதைத் தாங்குமென்றால் மட்டும். 5 அம்பியருக்குள் இழுக்கும் பம்புக்கு 10 அம்பியர், கட்டைப் பம்புக்கு 5.

தட்டைப் பியூசின் நிறங்களை மனதில் வைத்திருப்பது நல்லது: 5 இளம் மண்ணிறம், 7.5 கடும் மண்ணிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. இந்தப் பியூஸ்கள் எழுதிய அளவைத் தாண்டிய உடனே போய்விடுவதில்லை. 15 அம்பியர் பியூசில் 20 அம்பியர் ஓடினால் அது போவதற்குப் பத்து நிமிடம்வரை எடுக்கலாம். 30 அம்பியர் ஓடினால் 5 விநாடிக்குள் போக வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் சூட்டைத் தாங்கப்போவது வயர்தான்.

காரின் பியூஸ் பெட்டி மூடியில் ஓர் அளவு அச்சிட்டிருந்தால், தொழிற்சாலைப் பம்பும் வயரும் மாறாதவரை அதுவே இறுதி. அதை மீறி எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

4. வயர் எவ்வளவு தடிப்பு?

வயர் எரியாமல் இருப்பது ஒரு விடயம். பம்புக்கு வோல்ற் குறையாமல் போய்ச் சேர்வது இன்னொரு விடயம். பம்பில் இரண்டாவதுதான் முந்தி இடிக்கும். பற்றரியிலிருந்து பின் தாங்கிக்கு 5 மீற்றர், திரும்பிவர 5 மீற்றர், மொத்தம் 10 மீற்றர் என்று வைத்து 7 அம்பியருக்குக் கணக்குப் பார்த்தால், 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 1.3 வோல்ற் வழியிலேயே தொலையும். 1.5 வயரில் 0.9, 2.5 வயரில் 0.5, 4 வயரில் 0.3. வோல்ற் குறைந்தால் பம்பின் வேகம் குறையும். வெறுமனே நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடும். நான்கு பேரை ஏற்றி ஏசியும் போட்டு முந்தப் போகும்போதுதான் இழுவை விடும்.

எனவே இன்ஜெக்ரர் காரின் பம்புக்குப் புதிதாக வயர் இழுப்பதென்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் போடுங்கள், 10 அம்பியருக்கு மேல் இழுக்கும் பம்புக்கு 4. பழைய பிரித்தானிய முறையில் விற்கும் ஒட்டோ வயரில் 14/0.30 என்பது 1 சதுர மில்லிமீற்றர், 28/0.30 என்பது 2, 44/0.30 என்பது 3. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஓர் இழையின் விட்டம். தோலின் பருமனைப் பார்த்து ஏமாறக்கூடாது. தடித்த தோலுக்குள் நாலு இழை மட்டும் இருக்கிற வயர்களும் விற்பனைக்கு வருகின்றன. நுனியை உரித்து எண்ணிப் பாருங்கள்.

5. வீட்டு வயறிங் வயர் மிச்சம் கிடக்கு. அதைப் போடலாமோ?

வேண்டாம். 7/0.67 வீட்டு வயரும் 2.5 சதுர மில்லிமீற்றர்தான், செம்பும் நல்ல செம்புதான். ஆனால் ஏழே ஏழு தடித்த இழைகள். சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்கு அது போதும். கார் குலுங்கக் குலுங்க ரேமினலின் கழுத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். வெளியே தோல் நன்றாகவே இருக்கும், உள்ளே இரண்டு இழையில் கறண்ட் ஓடும். அந்த இடம் சூடாகி, எஞ்சின் வழியில் விட்டுவிட்டு நிற்கும். அதன் தோலும் எஞ்சின் அறைச் சூட்டுக்கும் ஒயிலுக்கும் செய்ததல்ல.

6. ரிலே கட்டாயமோ? திறப்புச் சுவிச்சிலிருந்தே நேரே குடுத்தா என்ன?

கட்டைப் பம்புக்குக் கொடுக்கலாம். இன்ஜெக்ரர் பம்புக்குக் கூடாது. திறப்புச் சுவிச்சின் உள்ளே இருக்கும் தொடுகைகள் சிறியவை, பல வருடம் தேய்ந்தவை. அவற்றின் வழியே பம்பின் முழுக் கறண்டும் போனால் அங்கேயே வோல்ற் விழும், காலப்போக்கில் சுவிச்சும் கருகும். ரிலேயை இழுக்கும் கொயில் (மின்காந்தச் சுருள்) எடுப்பது 0.15 அம்பியர் அளவுதான். திறப்பு அந்தச் சிறு கறண்டை மட்டும் கொடுக்க, பம்பின் கறண்ட் பற்றரியிலிருந்து ரிலே வழியாக நேரே போகும்.

7. ரிலேயில 30, 85, 86, 87 எண்டு கிடக்கு. எதை எங்கை பூட்டுறது?

பற்றரி பொசிற்றிவ்விலிருந்து பியூஸ் வழியாக 30க்கு வாருங்கள். 87இலிருந்து பம்பின் பொசிற்றிவ். 86க்குத் திறப்பிலிருந்து வரும் கறண்ட், 85 ஏர்த். ரிலேக்குள் டயோட் (கறண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) இருந்தால், ரிலேயின் மேலுள்ள படத்தில் அம்புக்குறியும் கோடும் வரைந்திருக்கும்; அப்போது 86 கட்டாயம் பொசிற்றிவ்தான். மாற்றினால் டயோட் நேரே சோட்டாகும்.

ஐந்து கால் ரிலேயில் நடுக்கால் 87ஏ என்றால், அது ரிலே இழுக்காதபோது சேர்ந்திருக்கும் கால். அதில் பம்பைப் பூட்டினால் திறப்பை எடுத்த பிறகும் பம்ப் ஓடும். சில ரிலேக்களில் நடுக்காலும் 87தான். பெட்டியைப் பார்க்காமல், காலின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள்.

8. பஞ்சிகாவத்தையில எடுத்த ரிலே அளவுக்குப் பொருந்துது. போட்டா பிழையோ?

கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் எடுத்ததென்றாலும், பொருந்துவது ஒன்றையும் உறுதிப்படுத்தாது. ஒரே அளவான நான்கு கால் ரிலேக்களில் இரண்டு அமைப்பு உண்டு. ஒன்றில் 30 இருக்கும் இடத்தில் மற்றதில் 86 இருக்கும். மாறிய ரிலேயைச் செருகினால் உடனே ஒரு பழுதும் தெரியாது, அதுதான் கரைச்சல். திறப்பைப் போட்டால் பம்ப் ஓடும், எடுத்தால் நிற்கும். உள்ளே நடப்பது வேறு: பற்றரியிலிருந்து வரும் வயர் கொயிலுக்குப் போய்விட்டதால் ரிலே இரவு பகலாக இழுத்தபடி இருக்கும், பம்பின் முழுக் கறண்டும் திறப்பின் மெல்லிய வயரால் போகும். நாளொன்றுக்கு 3.6 அம்பியர் மணி பற்றரியிலிருந்து கசியும். ஒரு கிழமை நிறுத்தி வைத்த கார் ஸ்ராட் வராமல் நிற்க, பழி பற்றரியின் மேல் விழும். திறப்பை எடுத்த பின் ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் இதுதான் காரணம்.

ரொயோற்றா ரிலேக்களில் எண்கள் வேறு: 1, 2 கொயில், 3, 5 தொடுகை. எண்ணே இல்லாவிட்டால் மல்ரிமீற்றரால் தடையைப் பாருங்கள். 70 முதல் 100 ஓம் வரை காட்டும் இரண்டு கால்களும் கொயில்.

9. பியூசை எந்த இடத்தில வைக்கிறது? பம்புக்குக் கிட்ட வைச்சா மாத்த லேசாக இருக்குமே.

பற்றரிக்குக் கிட்ட, பொசிற்றிவ் ரேமினலிலிருந்து ஒரு சாணுக்குள். பியூசுக்கும் பற்றரிக்கும் நடுவே உள்ள வயருக்கு எந்தக் காவலும் இல்லை. பின்னால் வைத்தால் காரின் முழு நீளத்துக்கும் காவலில்லாத வயர் ஓடும்.

10. பம்பின்ரை ஏர்த்தைக் கிட்ட உள்ள போல்ற்றில முறுக்கிவிட்டாப் போதுந்தானே?

பெயின்ற் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய, பல்வளையம் போட்டு இறுக்கினால் புதுக்காரில் போதும். யாழ்ப்பாணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் முப்பது வருடக் காரில் போதாது. காரைநகர், ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை என்று கடற்காற்றுப் படும் இடங்களில் நிற்கும் கார்களில் போல்ற்றுக்குக் கீழே துரு மெதுவாக ஊரும். அப்படியான காரில் 2.5 வயர் ஒன்றைப் பற்றரி நெகற்றிவ்வுக்கோ எஞ்சின் அறையின் பிரதான ஏர்த்துக்கோ நேரே கொண்டுபோய்விடுங்கள்.

சோதிப்பது சுலபம். பம்ப் ஓடும்போது மீற்றரின் ஒரு முனையைப் பம்பின் நெகற்றிவ் காலிலும் மறுமுனையைப் பற்றரி நெகற்றிவ்விலும் வையுங்கள். 0.2 வோல்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. இதே மாதிரி பற்றரி பொசிற்றிவ்வுக்கும் பம்பின் பொசிற்றிவ்வுக்கும் இடையே 0.5க்கு மேல் வந்தால் வயர், ரிலே, பியூஸ் சொக்கெற் மூன்றில் ஒன்று களவெடுக்கிறது. மீற்றரை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திப் பார்த்தால் எதுவென்று பிடிபடும்.

11. பியூஸ் அடிக்கடி போகுது. ஒரு நம்பர் கூட்டிப் போடவோ?

கூட்டக்கூடாது. செம்பு இழை சுற்றுவதோ சிகரெட் பெட்டி ஈயத்தாள் வைப்பதோ அதைவிட மோசம். 1ஆம் பதிலில் சொன்ன காவலை நீங்களே கழற்றி எறிகிறீர்கள்.

பம்பின் கொனெக்ரரைக் கழற்றிவிட்டுப் புதுப் பியூஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் உடனே போனால் வயர் எங்கோ பொடியில் முட்டுகிறது. தரைத் தகட்டைத் துளைத்து இறங்கும் இடம், சீற் தண்டவாளத்தின் கீழ், எலி கொறித்த இடம் மூன்றையும் முதலில் பாருங்கள். கழற்றியபோது போகாமல், பூட்டிய உடனே போனால் பம்ப் இறுகிவிட்டது. அரை மணி ஓடிய பிறகு போனால் கறண்டை அளக்க வேண்டும். அடைத்த பெற்றோல் பில்ரர் பம்பை முக்க வைத்துக் கறண்டைக் கூட்டும். பில்ரரை மாற்றி மீண்டும் அளந்து, குறையாவிட்டால் பம்புக்கு வயதாகிவிட்டது.

தாங்கியை அடிமட்டத்தில் வைத்தே ஓடுவதும் பம்பைக் கொல்லும். தாங்கிக்குள் இருக்கும் பம்புக்குச் சுற்றியுள்ள பெற்றோல்தான் குளிர்ச்சி. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வேறு வழியிருக்கவில்லை. இப்போது கால் தாங்கிக்குக் கீழே விட வேண்டாம்.

12. பியூஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா பியூஸ் பெட்டி உருகியிருக்கு. உது எப்பிடி?

பியூஸ் கறண்டின் அளவைத்தான் பார்க்கும், தளர்ந்த இணைப்பின் சூட்டை அல்ல. சொக்கெற்றின் கவ்வி விரிந்துபோனால் 7 அம்பியரே அந்த ஓரிடத்தைப் பிளாஸ்ரிக் உருகும்வரை சூடாக்கும். பியூசைக் கழற்றி அதன் கால்களைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் நீலம் பாய்ந்தோ கறுத்தோ இருந்தால் அந்தப் பக்கக் கவ்விதான் பிழை. பியூசை மாற்றுவதில் பயனில்லை, கவ்வியோடு ரேமினலை மாற்ற வேண்டும். உருகிய பெட்டியில் அந்த ஓர் இடத்தைக் கைவிட்டு, வெளியே தனிப் பியூஸ் பிடியொன்றைத் தரமான வயரோடு பூட்டுவது நல்ல வழி.

13. அக்சிடன்ற் பட்டா பம்ப் தானா நிக்குமோ?

தொழிற்சாலை இன்ஜெக்ரர் காரில் நிற்கும். எஞ்சின் சுற்றும் சைகை வராவிட்டால் கொம்பியூட்டர் ரிலேயை விட்டுவிடும். திறப்பைப் போட்டதும் ஓரிரண்டு விநாடி ஓடிவிட்டு பம்ப் நிற்பது இதனால்தான், அது பழுதல்ல. கொம்பியூட்டர் வயரில் கோளாறு என்று 86க்குத் திறப்புக் கறண்டை நேரே கொடுத்து ஓட வைக்கும் வேலை நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்விக்காதீர்கள். கார் மோதி, குழாய் வெடித்து, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தால் திறப்பு போட்டபடியேதான் இருக்கும், பம்ப் 3 பார் அழுத்தத்தில் பெற்றோலைச் சூடான எஞ்சின் மேல் பீச்சிக்கொண்டிருக்கும்.

காபரேற்றர் காரில் நீங்களே மின்பம்ப் பூட்டினால் இந்தப் பாதுகாப்பை நீங்களே சேர்க்க வேண்டும். மோதினால் துண்டிக்கும் இனேர்ஷியா சுவிச் ஒரு வழி. போர்ட், ஜகுவார், லாண்ட்றோவர் கார்களிலிருந்து கழற்றியது கிடைக்கும், மேலே அமத்தி மீட்கும் பொத்தான் இருக்கும். அதைக் கொயில் வயரில் அல்லாமல் 87க்கும் பம்புக்கும் நடுவே வையுங்கள். ரிலேயின் தொடுகைகள் ஒட்டிக்கொண்டாலும் அப்போது பம்ப் நிற்கும். இன்னொரு வழி, இக்னிசன் கொயிலின் துடிப்பைப் பார்த்து, எஞ்சின் நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலே. பழைய வொக்ஸ்வாகன் கார்களில் அது உண்டு. இரண்டும் சேர்ந்தால் மிக நல்லது: மோதாமல் கவிழ்ந்து எஞ்சின் நின்றாலும் இரண்டாவது வேலை செய்யும்.

14. மொரிஸ் மைனருக்கும் இதே கணக்கோ?

கணக்கு ஒன்றுதான், துருவம் வேறு. பழைய மைனர்களில் பொசிற்றிவ்தான் ஏர்த். டைனமோ மாற்றி ஒல்ரனேற்றர் போட்டவை நெகற்றிவ் ஏர்த்துக்கு மாறியிருக்கும். பற்றரியின் எந்த ரேமினல் பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மைனரில் வரும், டிக் டிக் என்று அடிக்கும் பொயின்ற் (தொடுகை) வகை எஸ்.யூ. பம்புக்குப் பொதுவாகத் துருவம் பிரச்சினையில்லை. தீப்பொறியை அணைக்க டயோட் வைத்த வகையும், பொயின்ற் இல்லாத எலெக்ரோனிக் வகையும் துருவம் மாறினால் எரிந்துவிடும். 7இல் சொன்ன டயோட் ரிலேக்கும் இதே கவனம்.

தொழிற்சாலை வயறிங்கில் இந்தப் பம்புக்குப் பியூஸ் இல்லை, திறப்பிலிருந்து வெள்ளை வயரில் நேரே வரும். பம்புக்குப் போகும் கிளையில் 7.5 அம்பியர் பியூஸ் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. பழைய லூக்காஸ் கண்ணாடிப் பியூசில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி. அதைப் பார்த்து 35 அம்பியர் தட்டைப் பியூஸ் போடுவது பெரும் பிழை.

15. கள்ளருக்காகப் பம்புக்கு ஒளிச்ச சுவிச் ஒண்டு போடலாமோ?

போடலாம், ஆனால் பம்பின் வயரில் அல்ல. 86க்கு வரும் மெல்லிய வயரை வெட்டி அதில் சுவிச்சைக் கோத்தால் அதில் 0.15 அம்பியர்தான் ஓடும், சுவிச் கருகாது. கால் தட்டும் இடத்திலும், ஈரம் படும் இடத்திலும் வைக்காதீர்கள். ஏ9 வீதியில் லொறியை முந்தும்போது அந்தச் சுவிச் விட்டால் எஞ்சின் அந்தக் கணமே நிற்கும்.

16. இணைப்பைச் சோல்டர் பண்ணுறதோ, அமத்துறதோ?

அமத்துங்கள், அதற்கென்றே செய்த இடுக்கியால். சாதாரண குறட்டால் நசுக்கினால் இழுத்தவுடன் கழன்றுவிடும். சோல்டர் இழைகளுக்குள் ஊறி விறைக்கும், விறைப்பு முடியும் இடத்தில் வயர் முறியும். அமத்திய பிறகு உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். வெறும் ரேப் எங்கள் வெயிலில் பசை இளகி அவிழும், மாரி மழையில் உப்பு ஈரம் புகுந்து செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள், தரை விரிப்பின் கீழ் வைக்க வேண்டாம். கார்த்திகை வெள்ளத்தில் முதலில் நனைவது அந்த இடம்.

17. தாங்கிக்குள்ள இருக்கிற வயர் கருகிப் போச்சு. அதுக்கும் இதே வயரோ?

இல்லை. சாதாரண வயரின் தோலும் சாதாரணச் சுருக்குக் குழாயும் பெற்றோலில் ஊதி, விறைத்து, உதிரும். பம்போடு வரும், பெற்றோலுக்குள் கிடக்கச் செய்த வயரையே பாவியுங்கள். தாங்கி மூடியில் கறண்ட் உள்ளே போகும் கால்கள் கருகியிருந்தால் மூடியோடு மாற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு முன் பற்றரி நெகற்றிவ்வைக் கழற்றிவிடுங்கள். காரை வெளியே, காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். கராஜ் குழியின் மேல் ஒருபோதும் வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, குழிக்குள் இறங்கித் தேங்கி, பிறகு எரியும் விளக்கொன்றுக்காகக் காத்திருக்கும்.

18. டீசல் வானுக்கும் பம்ப் ரிலே இருக்கோ?

பழைய டீசல் வான்கள் பலவற்றில் மின்பம்பே இல்லை. இன்ஜெக்சன் பம்புக்குப் போகும் ஒற்றை வயர் டீசலைத் திறந்து மூடும் சொலினோயிட்டுக்கானது. அங்கே கறண்ட் போகாவிட்டால் எஞ்சின் ஸ்ராட் வராது, ஆனால் இங்கே சொன்ன அளவுகள் அதற்குப் பொருந்தா.

19. கொழும்புக்குப் போகேக்கை வவுனியா தாண்டினதும் நிக்குது, அரை மணி ஆறவிட்டா ஓடுது. பம்பை மாத்தவோ?

மாற்றுவதற்கு முன், நிற்கும் அந்த நேரத்தில் அளக்க வேண்டும். மீற்றர் ஒன்றைக் காரிலேயே கொண்டுபோங்கள். நின்றவுடன் ஒருவர் ஸ்ராட்டரை அடிக்க, மற்றவர் பம்பின் கொனெக்ரரில் வோல்ற் பார்க்கட்டும். 10 வோல்றுக்குக் கிட்ட வந்தும் பம்ப் சத்தமில்லை என்றால் பம்புதான். வோல்றே வராவிட்டால் ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். ரிலேக்குள் இருக்கும் சோல்டர் பழையதாகி வெடித்திருந்தால் சூட்டில் விலகி, ஆறியதும் சேரும். பழைய ஜப்பான், ஐரோப்பியக் கார்கள் இரண்டிலும் இது வழமையான பழுது. மூடியை நெம்பிக் கழற்றிப் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழைபோல் வட்டமான வெடிப்புத் தெரியும். வோல்ற் 7, 8 என்று நின்றால் 10இல் சொன்ன சோதனையை அங்கேயே செய்யுங்கள், ஆறிய பிறகு செய்தால் எல்லாம் சரியாகவே காட்டும். கையோடு ஒரு மிச்ச ரிலேயும் இரண்டு நீலப் பியூசும் வைத்திருந்தால், இழுவை வண்டி தேடாமல் வீடு சேரலாம்.